பன்னிரண்டு மணிக்கு உறையும் ரத்தம்!

"ஐயோ... ரத்தத்தைக் காணோம்!"

நர்ஸ் மேகனாவின் அலறலில் மைசூர் ஹேமகூட ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அதிர்ந்தது.

புதன்கிழமை. காலை பத்து ஐம்பது.

பன்னிரண்டாம் கட்டில் நோயாளி மல்லப்பனுக்கு ஏற்றுவதற்காக ரத்த வங்கியிலிருந்து வந்த இரண்டு பிளேட்லெட் பைகள்... மாயம்!

லேப் ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். இல்லை. வார்டு ஃப்ரிட்ஜ். இல்லை. கான்டீன் ஃப்ரிட்ஜையும் விடவில்லை. அங்கே பால் பாக்கெட்டுகளும், யாரோ பெயர் எழுதி ஒட்டி வைத்த அரை டப்பா தயிர்சாதமும்தான் இருந்தன.

லிஃப்ட் திறந்தது.

டாக்டர் ஸ்ரீகண்டன் வெளிப்பட்டார். ஆஸ்பத்திரியின் முதலாளி. சீஃப் டாக்டர். வாரம் ஒரு முறை லோக்கல் டி.வி.யில் ஆரோக்கியம் பேசுபவர். அவருடைய பெயர்ப்பலகையில் பெயர் ஒரு வரி... பட்டங்கள் நான்கு வரி! அதில் இரண்டு வரி, மாநாடுகளில் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த சான்றிதழ்கள்.

"யாரு எடுத்தது?" லேப் வாசலில் நின்று கர்ஜித்தார்.

"நானுங் சார்."

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னாள் ஜோதிமணி.

ஜோதிமணி... லேபின் சீனியர் டெக்னீஷியன். வயது நாற்பத்து நான்கு. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரி. பதினெட்டு வருஷமாக மைசூர்க்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பெரிய மனிதர் யாருடைய ரத்தமும் விசேஷ நிறத்தில் இருந்ததில்லை என்பதால், பெரிய மனிதர் யாருக்கும் பயந்ததும் இல்லை.

"எங்க வெச்சிருக்க?"

"சொல்ல முடியாதுங் சார். அதை ஏத்தினா மல்லப்பன் பெரியவரு செத்துப் போயிருவாரு."

"அவருக்கு டெங்கு! பிளேட்லெட் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வந்தாச்சு. ஏத்தலைன்னாதான் சாவார்!"

"டெங்கு டெஸ்ட் ரெண்டு வாட்டி பண்ணிட்டனுங். ரெண்டும் நெகட்டிவ்."

"பிளேட்லெட் குறைஞ்சா டெங்கு! இது மைசூர்ல ஆட்டோக்காரனுக்குக் கூடத் தெரியும்!"

"அதனாலதானுங் சார், ஆட்டோக்காரர்கிட்ட யாரும் வைத்தியம் பாத்துக்கறதில்லை."

மேகனா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

ஸ்ரீகண்டனின் முகம் பீட்ரூட் ஆனது.

"ஏய்! நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்னங் சார்... கீழ வாசல்ல எட்டடிக்குக் கட்டிட்டு இருக்காங்களே!"

உண்மைதான். ஆஸ்பத்திரி வாசலில் ஏணி போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் ஏறிக்கொண்டிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை 'ஸ்ரீபிளேட்' மாத்திரை வெளியீட்டு விழா! பப்பாளி இலையிலிருந்து டாக்டர் ஸ்ரீகண்டனே கண்டுபிடித்த அதிசயம்! கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு அவர் எட்டடிக்குச் சிரித்தார். சிரிப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில்... '41,000-லிருந்து ஐந்தே நாளில் 2,08,000! ஒரு நோயாளியின் உண்மைக் கதை!'

"வேற பிளட் பேங்க்ல ரெண்டு பை சொல்லியாச்சு," பல்லைக் கடித்தார் ஸ்ரீகண்டன். "சரியா பன்னெண்டு மணிக்கு ஏத்தறேன். அந்த நேரத்துக்கு நீ லாக்கப்ல இருப்ப! மேகனா... கால் தி போலீஸ்!"

அவர் வாழ்நாளில் எழுதிய மருந்துகளிலேயே பின்விளைவு அதிகமானது அந்த ஒரு போன்தான்.

பாவம்... அப்போது அவருக்கு அது தெரியாது!

*

ஸ்ரீகண்டன் லேபை விட்டுக் கிளம்பினார். மூலையில் ஏதோ ஒரு மெஷின் மட்டும் 'கிரிக்... கிரிக்...' என்று ஓடிக்கொண்டிருந்தது.

கதவோரம் மல்லப்பனின் மனைவி சாமியாத்தாள் வந்து நின்றாள். கொள்ளேகாலிலிருந்து வந்தவள். கக்கத்தில் மஞ்சள் பை. கையில் ஒரு சொம்பு.

"ஏனுங்கம்மிணி... ரத்தத்தை எடுத்து ஒளிச்சுப்போட்டீங்களாமா? எங்கூட்டுக்காரர் பொழைக்க வேண்டாமா?"

"பொழைக்கத்தானுங்க்கா ஒளிச்சிருக்கேன். சொம்புல என்ன?"

"பப்பாளி எலைச் சாறு. பக்கத்துக் கட்டில்காரங்க அரைச்சுக் குடுத்தாங்க. இங்க வர்றவங்க அத்தன பேரும் இதைத்தான் சொல்றாங்க."

"கீழ வைங்க. அவருக்கு டெங்கு இல்லீங்."

"பின்ன என்னதான்?"

ஜோதிமணி அவளை உட்கார வைத்தாள்.

"காலைல நான் வந்து பாத்தப்ப, அவரோட எடது கால் வெரலு கறுத்துக் கெடந்துது. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது எந்தக் காலுக்கு?"

"வலது காலு. முள்ளுக் குத்தி சீழ் வெச்சு..." சாமியாத்தாளின் குரல் பாதியில் நின்றது. "ஆமாங்... கறுத்தது எடது காலு!"

"அதானுங். சீழ் இல்லாத கால் எதுக்குக் கறுக்குது? உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அதான் கோயமுத்தூர்ல மூட்டு ஆபரேஷன் பண்ணுன காகிதத்தை வாங்கிப் பாத்தேன்."

மஞ்சள் பையிலிருந்து வந்த காகிதங்கள் மேஜைமேல் இருந்தன.

பக்கம் ஒன்று. பக்கம் இரண்டு. பக்கம் நான்கு.

மூன்றைக் காணோம்!

"நாலும் இருந்துதுங் அம்மிணி! ரெண்டு மாசமா அரிசி மூட்டைக்கடியில பத்திரமா வெச்சிருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது... எண்ணத் தெரியும்!"

"யார் கையில குடுத்தீங்க?"

"திங்கக்கெழமை, சேர்த்தன்னைக்கு... அந்தப் பெரிய டாக்டரய்யன் வாங்கிப் பாத்தாரு. வேற நாய் கூட மோந்து பாக்கலை."

ஜோதிமணி நிமிர்ந்தாள்.

அவள் காலையிலேயே கோவை ஆஸ்பத்திரியின் லேபுக்குப் போன் போட்டிருந்தாள். அங்கே சௌம்யா என்றொரு டெக்னீஷியன். முகம் தெரியாது. ஆனால் லேப்காரிக்கு லேப்காரியின் கஷ்டம் தெரியும். 'பழைய ரெக்கார்டைத் தேடி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பறேன் அக்கா' என்றிருந்தாள்.

போட்டோ இன்னும் வரவில்லை.

மணி பதினொன்று இருபது.

வந்தது போலீஸ்!

*

இன்ஸ்பெக்டர் தேவம்மா. தமிழர்கள் நிறைந்த ஹனூர் பக்கத்தில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் சரளம். நடுநடுவே மட்டும் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"ஏனு சமாச்சாரா? ரத்தம் திருடின கேஸ் என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை."

"இவளை அரெஸ்ட் பண்ணுங்க மேடம்!" ஸ்ரீகண்டன் பின்னாலேயே நுழைந்தார். அவருக்குப் பின்னால் டியூட்டி டாக்டர் மஞ்சுநாத். சீஃபுக்கு எதிரே 'எஸ் சார்' தவிர வேறு தமிழோ கன்னடமோ பேசியிராத இளைஞர். அவருக்குப் பின்னால் மருந்து ட்ரேயோடு மேகனா.

"பை எங்க இருக்கும்மா?" தேவம்மா கேட்டாள்.

"உங்களுக்குப் பின்னாடிதானுங் மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள்.

மூலையில் 'கிரிக்... கிரிக்' என்று ஒரு தட்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பச்சைத் துணி. துணியை விலக்கினாள் ஜோதிமணி.

இளமஞ்சள் நிறத்தில் இரண்டு பைகள்... சுகமாக ஆடிக்கொண்டிருந்தன!

"பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜுல வெச்சா வீணாயிருமுங். வெளிய வெச்சு ஆட்டிட்டே இருக்கோணும். அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்குது. சார்தான் மாடி மாடியா ஃப்ரிட்ஜைத் தேடினாரு."

தேவம்மாவின் உதட்டோரம் துடித்தது. "திருடின பொருளை அதோட இடத்துலயே வெச்ச திருடியையும் இப்பதான் பாக்கறேன். சரி... எதுக்கு ஒளிச்ச?"

"தசரா அன்னிக்கு மண்டி மொஹல்லா சந்து காலியா கெடக்குமா மேடம்?"

"கெடக்கும். அத்தனை ஜனமும் ஊர்வலத்துலதான் இருக்கும்."

"சந்து காலியாயிருச்சு, ஊர்ல ஆளே இல்லைன்னு பத்து பஸ் நெறைய ஆளைக் கொண்டாந்து எறக்கினா?"

"அந்த ஜனமும் போய் ஊர்வலத்துல அடைச்சுக்கும். நான் லத்தியோட நிக்கணும்."

"இவரு ரத்தத்துலயும் அதே கதைதானுங். பிளேட்லெட் செத்துப் போய்க் குறையலை. கூட்டங்கூடி உறைஞ்சு, ரத்தக்குழாயை அடைச்சிட்டு நிக்குது. அதனால எண்ணிக்கை குறையுது. இப்ப புதுசா ரெண்டு பை ஏத்தினா, அதுவும் போய் அந்தக் கூட்டத்துல சேரும். நுரையீரல்ல போய் அடைச்சா... அஞ்சு நிமிஷம்!"

"நான்சென்ஸ்!" ஸ்ரீகண்டன் துள்ளினார். "எதுக்கு உறையுது?"

"கால்ல சீழ் வெச்சு வீங்கியிருக்கு. அந்த மாதிரி அழற்சி வந்தாலே ரத்தம் உஷாராயிரும். பிளேட்லெட்டெல்லாம் கை கோத்து உறையறதுக்குத் தயாரா நிக்கும். அது மட்டுமா இருந்தா இவ்வளவு சீக்கிரம் ஆகாதுங். இவருக்கு யாரோ ஹெபாரின் குடுத்திருக்காங்க."

"ஹெபாரின்னா?" என்றாள் தேவம்மா.

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கான ஊசி மேடம்!" ஸ்ரீகண்டன் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "உறையாம இருக்க மருந்து குடுத்ததால உறைஞ்சு போச்சாம்! கேக்கறதுக்கே சிரிப்பா இல்ல?"

"சிரிப்பு... வரல சார்."

சொன்னது யார்?

டாக்டர் மஞ்சுநாத்!

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது போலிருக்கிறது. ஆனாலும் தொடர்ந்தார். "சில பேர் உடம்பு அந்த மருந்துக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கிடும் மேடம். அது பிளேட்லெட்டைத் தூண்டி விட்டுடும். பிளேட்லெட்டும் குறையும், ரத்தமும் உறையும்... ரெண்டும் ஒண்ணா. ஒரு தடவை அப்படி ஆனவங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள திரும்பக் குடுத்தா, ஒரே நாள்ல ஆரம்பிச்சிடும்."

"மஞ்சுநாத்! நீ வாயை மூடு! மேடம், இந்தாங்க சார்ட். எங்கயாவது ஹெபாரின்னு ஒரு வார்த்தை இருக்கா பாருங்க!"

தேவம்மா சார்ட்டைப் புரட்டினாள். இல்லை. ஒரு வரிகூட இல்லை!

"இந்தம்மாவைக் கேளுங்க," சாமியாத்தாளை நோக்கி விரலை நீட்டினார் ஸ்ரீகண்டன். "மேஜைமேல பாருங்க... பழைய பேப்பர்ல மூணாம் பக்கத்தைக் காணோம். தொலைச்சாளோ... கிழிச்சாளோ! புருஷன் போனா யாருக்கு லாபம்னு யோசிங்க!"

சொம்பு 'ணங்'கென்று மேஜைமேல் உட்கார்ந்தது.

"ஏனுங் டாக்டரய்யா! நாப்பது வருஷமா அந்த மனுசனோட சண்டை போட்டுட்டு இருக்கேன். கொல்றதா இருந்தா எங்கூட்டுலயே கொல்ல மாட்டனா? ஒங்களுக்கு நாளுக்கு எட்டாயிரம் பெட் வாடகை குடுத்தா கொல்லுவேன்?"

தேவம்மா வேறு பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

மணி பதினொன்று நாற்பத்தைந்து.

கீழே பைக் சத்தம். புதிய பிளேட்லெட் பைகள்!

"மேடம், அவ பேச்சைக் கேட்டுட்டு நின்னா என் நோயாளி செத்துடுவார். நான் போறேன்..." ஸ்ரீகண்டன் நகர்ந்தார்.

கதவின் குறுக்கே ஜோதிமணி நின்றாள்.

"தள்ளு!"

"மாட்டேன்."

"இந்த நிமிஷத்துலேர்ந்து உனக்கு வேலை இல்லை!"

"சரிங் சார். இப்ப நான் உங்க ஸ்டாஃப் இல்லை. வழியில நிக்கற பொம்பளை. தொட்டுத் தள்ளுங்க பாக்கலாம்... இன்ஸ்பெக்டரம்மா நின்னுட்டு இருக்காங்க."

ஸ்ரீகண்டன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜோதிமணி மேகனாவைப் பார்த்தாள்.

"மேகனா... ஊசி போடறதுக்கு அவரு கையில சொருகி வெச்சிருக்கோமே குழாய்... அது அடைக்காம இருக்க என்ன விடற?"

"உப்புத் தண்ணி அக்கா. எல்லாருக்கும் அதான். ஃப்ளஷ் பண்றதையெல்லாம் சார்ட்ல எழுத மாட்டோம்... எந்த ஆஸ்பத்திரியில யார் எழுதறாங்க?"

"பன்னெண்டாம் பெட்டுக்கும் உப்புத் தண்ணிதானா?"

மேகனாவின் முகம் வெளிறியது. ட்ரேயில் இருந்த ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

"அவருக்கு மட்டும்... ஹெபாரின் ஃப்ளஷ். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. திங்கக்கிழமையிலேர்ந்து. சார்தான் சொன்னார். ஃப்ளஷ் தானே, எழுத வேண்டாம்னார். தேவ்ரே... நானே என் கையால..."

"நீ சொன்னதைச் செஞ்ச. இனிமே விடாதே."

"மேடம், எனக்கு எப்படித் தெரியும்?" ஸ்ரீகண்டன் கைகளை விரித்தார். குரலில் திடீரென்று தேன். "நல்ல எண்ணத்துல சொன்னேன். அந்த மூணாம் பக்கத்தை நான் கண்ணாலகூடப் பாக்கலையே! பாத்திருந்தா குடுத்திருப்பேனா?"

நியாயமான கேள்வி.

தேவம்மா தலையாட்டினாள். ஜோதிமணிக்கே ஒரு கணம் நெஞ்சு தளர்ந்தது. வெறும் கவனக்குறைவு... மன்னிப்பு... முடிந்தது கதை?

'டிங்!'

ஜோதிமணியின் செல்போன்.

கோயமுத்தூரிலிருந்து... மூன்றாம் பக்கம்!

தேவம்மா போனை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "ஹெபாரின் கொடுத்ததில் பிளேட்லெட் நாற்பத்தோராயிரத்துக்குக் குறைந்தது. நிறுத்திய பின் ஐந்து நாளில் இரண்டு லட்சத்து எட்டாயிரம். இனி எக்காலத்திலும் இவருக்கு ஹெபாரின் கொடுக்கக் கூடாது..."

நிறுத்தினாள்.

புருவம் நெளிந்தது.

"நாற்பத்தோராயிரம்... ரெண்டு லட்சத்து எட்டாயிரம்... இந்த நம்பரை நான் எங்கயோ பாத்தேனே?"

மூலையில் 'கிரிக்... கிரிக்...'

தேவம்மா ஜன்னலுக்குப் போனாள். கீழே எட்டடி ஸ்ரீகண்டன் மைசூரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

"ஏய்! ஏணி மேல இருக்கறவனே! அந்த பேனரைத் திருப்பு!"

ஃப்ளெக்ஸ் திரும்பியது. கொட்டை எழுத்துக்குக் கீழே, அரையடியில் இன்னொரு வரி.

"திரு. ம., வயது 62, கொள்ளேகால்," படித்தாள் தேவம்மா. "ஜோதிமணி... மல்லப்பனுக்கு என்ன வயசு?"

"அறுவத்திரெண்டுங் மேடம்."

"இந்த ஆஸ்பத்திரியில அவருக்கு நாற்பத்தோராயிரம்னு எப்பவாவது ரிப்போர்ட் குடுத்தியா?"

"இல்லீங். திங்கக்கெழமை ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். நேத்து ஒரு லட்சம். இன்னைக்கு அம்பத்தெட்டாயிரம். அதுதான் ஆகக் கொறைச்சல்."

பேனரின் மூலையில் அச்சடித்தவரின் பெயரும் நம்பரும் இருந்தன. எல்லா பேனரிலும் இருக்கும்... யாரும் படிக்கமாட்டார்கள். தேவம்மா படித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, மண்டி மொஹல்லா ஃப்ளெக்ஸ் கடையா? ஹேமகூட ஆஸ்பத்திரி பேனர் எப்ப ஆர்டர் குடுத்தாங்க?"

"திங்கக்கிழமை மத்தியானம் மேடம். டாக்டரே எழுதி அனுப்பினார். அர்ஜென்ட்னார்."

தேவம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"நோடி... பாருங்க டாக்டர்... திங்கக்கிழமை அவருக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். அது குறையப் போகுதுன்னும், அப்புறம் ஏறப் போகுதுன்னும் அன்னிக்கே பேனர்ல போட்டிருக்கீங்க. ஜோசியமா... மூணாம் பக்கமா?"

ஸ்ரீகண்டனின் நெற்றியில் வியர்வை. டையைத் தளர்த்தினார்.

"ஹெபாரின் குடுத்தா இறங்கும்... நிறுத்தினா தானா ஏறும்..." முனகலாக வந்தது. "நடுவுல என் மாத்திரையைக் குடுத்து, அதனாலதான் ஏறுச்சுன்னு காட்டலாம்னு... வெறும் நம்பர்தானே மேடம்! சட்டுனு ஏறட்டும்னுதான் அந்த ரெண்டு பையும்... ரெண்டு நாள் ஃப்ளஷ்ல என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்..."

"எறங்கின பிளேட்லெட் எங்க போச்சுன்னு நெனைக்கலையா சார்?" ஜோதிமணி கேட்டாள். "அது அந்தப் பெரியவரோட எடது கால்ல இருக்குதுங்."

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"பிளேட்லெட் வேண்டாம்! ஹெபாரின் குடும்பத்தையே சேராத வேற மருந்து... உடனே!" மஞ்சுநாத் ஏற்கெனவே வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார். "ஸ்கேனுக்குச் சொல்லுங்க! மேகனா, அந்தக் குழாயை எடு!" பின்னாலேயே சாமியாத்தாள் மஞ்சள் பையோடு.

"மேடம்... நான் யாருன்னு தெரியுமா?" கடைசி முயற்சியாக முறைத்தார் ஸ்ரீகண்டன்.

"சும்னே நடிரி... பேசாம நடங்க சார். நீங்கதானே போன் பண்ணிக் கூப்பிட்டீங்க? வந்த போலீஸை வெறுங்கையோட அனுப்பினா உங்களுக்குத்தான் மரியாதை இல்ல."

பேனரையும் சுருட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். எட்டடி என்பதால் கால் பாகம் வெளியே நீட்டிக்கொண்டு போனது.

*

ஐந்து நாள் கழித்து... திங்கட்கிழமை காலை.

ஜோதிமணி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள். மல்லப்பன், பன்னிரண்டாம் கட்டில், பிளேட்லெட் 2,11,000. 'ஸ்ரீபிளேட்' மாத்திரை இல்லாமலே! கறுத்த விரல்களில் இரண்டைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மற்றபடி பெரியவர் எழுந்து உட்கார்ந்து சாமியாத்தாளோடு சண்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஒளித்து வைத்த இரண்டு பைகளும் அன்றைக்கே, கீமோ சிகிச்சையிலிருந்த வேறொரு பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அவளுக்கு அவை நிஜமாகவே தேவையாக இருந்தன.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் தேவம்மா.

"ஜோதிமணி, உங்க சீஃபு காலைல நெஞ்சு வலின்னு சாஞ்சுட்டாரு. சும்மா நடிப்போன்னு சந்தேகம். ஆனாலும் ஜீப்ல ஏத்தி, பக்கத்துலதானேன்னு உங்க ஹேமகூட ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னேன். மனுஷன் பாதி வழியில எந்திரிச்சு உக்காந்துட்டாரு!"

"ஏனுங் மேடம்?"

"அங்க மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, போனா உயிரோட திரும்ப மாட்டேன்னு அலறினாரு!"

ஜோதிமணி மைக்ராஸ்கோப்பில் அடுத்த ஸ்லைடைப் பொருத்தினாள்.

"பரவால்லீங் மேடம்... மொத தடவையா சரியான டயக்னாஸிஸ் சொல்லியிருக்காரு!"